கதவடைக்கும் நேரமும் கண்ணோட்டமும்

இடைசெவல் பக்கத்து ஊர்களில் ஒரு வீட்டில் இறப்பு நிகழ்ந்தால், கூடியிருக்கும் பெரியவர்கள் முதலில் கேட்பது, "இன்னும் யார் யார் வரணும்?" என்பதைத்தான். கோயம்புத்தூரில் வாழ்க்கைப்பட்ட மகள் வந்து முகம் பார்க்க வேண்டும். சென்னையில் வேலை பார்க்கும் பேரன் வந்து சேர வேண்டும். அதுவரை ஊர் காத்திருக்கும். வெயில் ஏறினாலும், துக்கத்திற்கு வந்தவர்கள் திரும்பிப் போகும் பேருந்தைத் தவறவிட்டாலும், "புள்ள வந்துரட்டும்" என்ற ஒரு சொல்லை யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

இறந்தவருக்காக இவ்வளவு காத்திருக்கத் தெரிந்த மண்ணைச் சேர்ந்தவர்கள் நாம். உயிரோடு இருக்கும் ஒருவரைக் கடைசியாகப் பார்க்க ஓடிவருபவருக்காக, நம் காலத்தின் பெரிய நிறுவனங்கள் எவ்வளவு காத்திருக்கின்றன என்பதே இக்கட்டுரையின் கேள்வி. விமானப் பயணத்தைப் பற்றி மருத்துவமனை இதழில் எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்பவர்களுக்கு இதில் வியப்பு இராது. இன்று கரிசல் கிராமத்து நோயாளியின் படுக்கைக்கும் அவருடைய பிள்ளைக்கும் இடையில் பெரும்பாலும் ஒரு விமான நிலையம் இருக்கிறது.

ஓர் இரவு

சென்ற ஆண்டு அடைமழைக் காலத்தில் இடைசெவலை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவரை எங்களிடம் கொண்டுவந்தார்கள். பருத்தியும் உளுந்தும் போட்டுப் பிழைத்த சம்சாரி. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயோடு நிமோனியாவும் சேர்ந்திருந்தது. முகமூடி வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து மூச்சைத் தாங்கிப் பிடித்திருந்தோம். நினைவு தெளிவாக இருந்தது; பேசினார்; ஆனால் மூச்சுத் தசைகள் களைத்துக்கொண்டே வந்தன. இந்நிலையில் நோயாளியின் குடும்பத்திற்கு நாங்கள் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: "எந்த நேரத்திலும் குழாய் செருகி வென்டிலேட்டரில் வைக்க வேண்டிவரலாம். அதன்பிறகு அவரால் பேச முடியாது. பேச வேண்டியவர்கள் இன்றைக்கே வந்து பேசிவிடுங்கள்."

மகன் பெங்களூரில் இருந்தார். மதியம் செய்தி கிடைத்ததும், அன்று மாலை மதுரைக்கு வரும் விமானத்தில் கடைசி நேர விலை கொடுத்துப் பயணச்சீட்டு எடுத்தார். நகரத்தின் தென்கோடியிலிருந்து வடக்கே வெகு தொலைவில் இருக்கும் விமான நிலையத்திற்குக் காரில் புறப்பட்டார். வழி நெடுக மழை, நெரிசல். போகும்போதே எங்கள் பணி மருத்துவரோடும் அக்காவோடும் மாறிமாறித் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்ததில், கைப்பேசியிலேயே செக்-இன் செய்துகொள்ள வேண்டும் என்பது அவருக்கு நினைவுக்கு வரவில்லை. கவுண்டருக்கு அவர் வந்து நின்றபோது, அது மூடப்பட்டுப் பதினான்கு நிமிடங்கள் ஆகியிருந்தன. விமானம் புறப்பட இன்னும் நாற்பத்தாறு நிமிடங்கள் இருந்தன. கையில் ஒரு தோள்பை மட்டுமே.

எங்கள் மருத்துவர் அனுப்பிய குறுஞ்செய்தியைக் காட்டினார். கவுண்டரில் இருந்த இளம்பெண் அதை வாசித்தாள். எழுந்து உள்ளே போய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்து, "சிஸ்டம் க்ளோஸ் ஆயிருச்சு சார், ஸாரி" என்றாள். மதுரைக்கு அடுத்த விமானம் மறுநாள் காலையில்தான் இருந்தது. அதற்கும் புதிதாகச் சீட்டு எடுக்க வேண்டும் என்றார்கள். அவர் வாசலில் வாடகைக் கார் பிடித்து இரவெல்லாம் சாலையில் வந்தார். அவர் ஏற முடியாத அந்த விமானமும் அன்று அரை மணி நேரம் தாமதமாகவே புறப்பட்டது என்பதைப் பின்னர் அவரே எங்களிடம் சொன்னார்.

அன்று இரவு பெரியவர் செவிலியரிடம் மூன்று முறை கேட்டார்: "பய வந்துட்டானாம்மா?" "வந்துக்கிட்டு இருக்கார் தாத்தா" என்று அவரும் மூன்று முறை சொன்னார். அதிகாலை மூன்றரை மணிக்கு இனித் தாங்காது என்ற நிலையில் குழாய் செருகினோம். மகன் ஐந்தரை மணிக்கு வந்தார். ஐந்தாம் நாள் பெரியவர் இறந்துபோனார்; இடையில் ஒருமுறையும் பேசவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு மகன் எங்களிடம் கேட்டது ஒன்றுதான்: "அப்பா கடைசியா என்ன சொன்னாங்க சார்?" குழாய் செருகுவதற்கு முன் அவர் செவிலியரிடம் சொன்னதை அப்படியே சொன்னோம்: "ராத்திரி பட்டினியா வருவான். சாப்பிடச் சொல்லுங்க."

கவுண்டரின் நியாயம்

கோபத்தில் எழுதுவது எளிது. ஆனால் நோயாளியின் உறவினர்கள் எங்கள்மீது கோபம் கொள்ளும்போது, எங்கள் தரப்பையும் கேட்கும்படி நாங்கள் வேண்டுகிறோம். அதே நியாயத்தை விமான நிறுவனத்திற்கும் செய்ய வேண்டும்.

உள்நாட்டுப் பயணங்களில் பொதுவாகப் புறப்பாட்டிற்கு 60 நிமிடங்களுக்கு முன் கவுண்டரும், 25 நிமிடங்களுக்கு முன் ஏறுவாயிலும் மூடப்படுகின்றன. இது வெறும் அதிகாரச் செருக்கன்று. எத்தனை பேர், எவ்வளவு சுமை, அது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்ற எடைக் கணக்கு முடிந்தால்தான் விமானி எரிபொருளையும் சமநிலையையும் உறுதிசெய்ய முடியும். பைகள் சோதிக்கப்பட வேண்டும். 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அட்லாண்டிக் கடலின்மேல் வெடித்துச் சிதறி 329 பேர் இறந்தனர். பயணி ஏறாமல் அவர் பெயரில் ஏறிய பெட்டியில்தான் அந்தக் குண்டு இருந்தது. ஆள் இல்லாமல் பெட்டி பறக்கக்கூடாது என்ற கண்டிப்பு அத்தகைய துயரங்களிலிருந்து பிறந்தது. இவற்றோடு, ஒரு விமானம் பிந்தினால் அதே விமானம் அடுத்து ஏற்ற வேண்டிய ஊர்க்காரர்களும் பிந்துவார்கள். அவர்களுள் ஒருவர் தம் தாயைப் பார்க்க ஓடுபவராக இருக்கலாம்.

ஆகவே, தாமதமாக வரும் ஒவ்வொருவருக்காகவும் விமானத்தை நிறுத்திவைக்க வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. ஊர் விலக்கில் வரப்பின்மேல் ஓடிவரும் பாட்டியைப் பார்த்து ஓட்டுநர் பேருந்தை நிறுத்திவைப்பது போன்றதன்று விமானம். நாம் கேட்பது வேறு. பாதுகாப்பிற்காக வகுத்த விதி எது, வசதிக்காகவும் வருவாய்க்காகவும் வகுத்த விதி எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். எடைக் கணக்கு முடிந்தபின் ஒருவரை ஏற்ற மறுப்பது முதல் வகை. அப்படி மறுக்கப்பட்டவரிடம், மருத்துவமனைச் செய்தியைக் கையில் வைத்திருக்கும்போதே, முழு விலையில் இன்னொரு சீட்டு எடுக்கச் சொல்வது இரண்டாம் வகை. முதலாவதை மதிக்கிறோம். இரண்டாவதை ஏற்க முடியவில்லை.

ஒருபக்கக் கடிகாரம்

இந்தக் கடிகாரம் ஒரு பக்கத்தாருக்கு மட்டுமே கண்டிப்பாக ஓடுகிறது என்பதே குடும்பங்களை அதிகம் புண்படுத்துகிறது.

2025 டிசம்பர் முதல் வாரத்தை நாடு மறந்திருக்காது. விமானிகளின் பணிநேரம், ஓய்வு குறித்த புதிய விதிகளுக்கு ஏற்பத் தன்னை ஆயத்தப்படுத்திக்கொள்ளாத இண்டிகோ நிறுவனம் நாடெங்கும் சேவைகளை நிறுத்தியது. டிசம்பர் 5 அன்று மட்டும் ஆயிரத்திற்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. திருமணத்திற்கும் தேர்விற்கும் மருத்துவத்திற்கும் புறப்பட்டவர்கள் விமான நிலையத் தரையில் படுத்துறங்கினார்கள். பதினான்கு நிமிடம் பிந்திய பயணி சீட்டை இழக்கிறார். நாள்கணக்கில் பிந்திய நிறுவனம் பொறுமை கோருகிறது.

அதே வாரம் இன்னொன்றையும் காட்டியது. மற்ற நிறுவனங்களின் கட்டணங்கள் விண்ணைத் தொட்டபோது நடுவண் அரசு தலையிட்டு உச்சவரம்பு விதித்தது: 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,000 வரை 12,000, 1,500 வரை 15,000, அதற்கு மேல் 18,000. ஆக, நெருக்கடியில் இருப்பவரிடம் கொள்ளை விலை வாங்கக்கூடாது என்ற கொள்கை நமக்குப் புதிதன்று. ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் தவித்தால் அது நெருக்கடி எனப்படுகிறது. நாள்தோறும் ஒவ்வொருவராகத் தவித்தால் அதற்குப் பெயரில்லை. இன்று மாலையே பறந்தாக வேண்டியவருக்குத்தான் சீட்டு விலை மிக அதிகம். நோய்ச்செய்தி கேட்டு ஓடுபவர் அந்தக் கூட்டத்தில் முதல் ஆள்.

விதிகள் அறவே இல்லை என்பதன்று. உரிய நேரத்தில் வந்தவரை இடமில்லை என்று நிறுவனம் ஏற்ற மறுத்து, ஒரு மணி நேரத்திற்குள் மாற்று விமானமும் தராவிட்டால், அது இழப்பீடு தர வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விதித்துள்ளது. பயணி தாமே ரத்து செய்தாலும், வராமலே போனாலும், பயணச்சீட்டில் அடங்கிய அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் நிறுவனம் திருப்பித் தந்தாக வேண்டும். மருத்துவ அவசரம் பற்றி 2025 நவம்பரில் அந்த இயக்குநரகம் வெளியிட்ட வரைவில் ஒரு நல்ல வரி இடம்பெற்றது: மருத்துவ அவசரத்தால் பயணத்தை ரத்து செய்பவருக்கு நிறுவனம் பணத்தைத் திருப்பித் தரலாம், அல்லது பின்னர்ப் பயன்படுத்தும் வகையில் வரவு வைக்கலாம் என்பது அதன் சாரம். வரவேற்கிறோம். ஆனால் "தரலாம்" என்ற சொல்லுக்கும் "தர வேண்டும்" என்ற சொல்லுக்கும் இடையிலுள்ள தொலைவை நோயாளியின் மகன் ஒரு மாலையில் கடக்க முடியாது. மேலும், ரத்து செய்பவரைப் பற்றித்தான் அவ்வரி பேசுகிறது. எப்படியாவது போய்ச் சேர வேண்டும் என்று பிந்தி ஓடிவருபவரைப் பற்றி அது பேசவில்லை.

காத்திருந்தவர்கள்

இது முடியாத காரியமன்று என்பதற்கு உலகில் சான்றுகள் உண்டு. 2011 ஜனவரியில் அமெரிக்காவில் ஒரு முதியவர், சாகும் நிலையிலிருந்த பேரக்குழந்தையைப் பார்க்க லாஸ் ஏஞ்சலஸிலிருந்து டென்வர் நோக்கிப் புறப்பட்டார். பாதுகாப்புச் சோதனை வரிசையில் சிக்கிப் பிந்திவிட்டார். செய்தி அறிந்த சவுத்வெஸ்ட் விமானி, ஏறுவாயிலில் நின்று பன்னிரண்டு நிமிடங்கள் அவருக்காகக் காத்திருந்தார். நிறுவனமும் அந்த விமானியின் செயலைப் பாராட்டியது. 2013 ஜனவரியில் யுனைடெட் நிறுவனத்தின் பணியாளர்கள், இறக்கும் நிலையிலிருந்த தாயைப் பார்க்கச் செல்லும் ஒருவர் அழுவதைக் கண்டு விமானியிடம் சொன்னார்கள். விமானி முன்னதாகவே செய்தி அனுப்ப, ஹூஸ்டனில் இணைப்பு விமானம் அவருக்காக நின்றது. அவர் தாயை உயிரோடு பார்த்தார்.

நம் மாநிலமும் இதில் பின்தங்கியதன்று. 2008 இல் சென்னையில் மூளைச்சாவு அடைந்த ஓர் இளைஞரின் இதயத்தைக் கொண்டுசெல்லக் காவல்துறை சாலைகளை ஒழுங்குசெய்து வழி திறந்தது. அந்த நாளிலிருந்து உடலுறுப்புக் கொடை தமிழ்நாட்டில் ஓர் இயக்கமாயிற்று. முன்பின் அறியாத ஒருவரின் உயிருக்காக ஒரு மாநகரமே ஒதுங்கி நிற்கும் என்று அன்று கற்றுக்கொண்டோம்.

ஆனால் தனிமனிதரின் நல்ல மனத்தை மட்டும் நம்பியிருப்பதும் ஆபத்து. ஊழியரின் விருப்பத்திற்கு விடப்பட்ட அதிகாரம் இரக்கமாகவும் மாறலாம், கொடுமையாகவும் மாறலாம். 2012 பிப்ரவரியில், மூளை முடக்குவாதம் உள்ள செயற்பாட்டாளர் ஜீஜா கோஷ், கொல்கத்தாவில் ஸ்பைஸ்ஜெட் விமானத்தில் அமர்ந்தபின் இறக்கிவிடப்பட்டார். அவருக்குப் பத்து இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கும்படி உச்ச நீதிமன்றம் 2016 இல் தீர்ப்பளித்தது. கண்ணெதிரே இருப்பவரின் நிலையை அறிந்துகொள்ளாமல் விமானத்தில் ஒருவர் எடுத்த முடிவைச் சரிசெய்ய நான்கு ஆண்டுகள் ஆயின.

கனடாவில் நடந்தது இன்னும் விந்தை. பாட்டி இறந்த செய்தி கேட்டுப் பயணித்த ஒருவர், ஏர் கனடா நிறுவனத்தின் இணையதளத்திலிருந்த தானியங்கி உரையாடியிடம் துக்கப் பயணச் சலுகை பற்றிக் கேட்டார். பயணித்த பிறகும் விண்ணப்பிக்கலாம் என்று அது சொன்னது. பின்னர் நிறுவனம் அதை ஏற்க மறுத்தது. இயந்திரம் சொன்னதற்கும் நிறுவனமே பொறுப்பு என்று பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் முடிவுசெய்தது. தொகை சிறிதுதான். ஆனால் "சிஸ்டம்" என்ற சொல்லின் பின்னால் எந்த நிறுவனமும் ஒளிந்துகொள்ள முடியாது என்பது அத்தீர்ப்பின் பொருள். அந்த வழக்கில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: துக்கத்திற்குச் செல்பவர்களுக்கென்று ஒரு கட்டணம் அங்கே எழுத்தில் இருக்கிறது.

வள்ளுவர் வைத்த இடம்

திருக்குறளில் அருளுடைமை அறத்துப்பாலில் இருக்கிறது. ஆனால் கண்ணோட்டம் என்னும் 58 ஆம் அதிகாரத்தை வள்ளுவர் பொருட்பாலில், அரசனுக்குரிய அதிகாரங்களின் நடுவே வைத்தார். இரக்கம் என்பது வீட்டில் மட்டும் இருக்க வேண்டிய குணமன்று, ஆள்பவரின் கடமை என்று அவர் கருதியிருக்க வேண்டும். தன் தொழிலும் கெடாமல் கண்ணோட்டமும் உடையவராக இருக்க வல்லவரை அவர் அவ்வதிகாரத்தில் உயர்த்திச் சொல்கிறார். பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் கேள்விக்கு விடை இருக்கிறது: விமானமும் நேரத்திற்குப் புறப்பட வேண்டும், மகனும் தந்தையிடம் போய்ச் சேர வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே நிர்வாகம்.

ஊர் விலக்கில் ஓட்டுநர் காத்திருப்பதற்குக் காரணம், ஓடிவரும் பாட்டியை அவருக்குத் தெரியும். தெரிந்த முகத்திற்கு இரங்குவது எளிது. விமான நிலையத்தில் யாருக்கும் யாரையும் தெரியாது. தெரியாத முகத்திற்கான இரக்கம், முன்கூட்டியே விதியாக எழுதிவைக்கப்பட வேண்டும்; இல்லாவிட்டால் அது நிகழாது. அந்தக் கவுண்டர்ப் பெண்ணுக்கு இரக்கம் இருந்தது. அவள் எழுந்து உள்ளே போனாள். அவளிடம் இல்லாதது அதிகாரம்.

எனவே நாம் முன்வைப்பவை மிகச் சில. மருத்துவமனையின் கடிதமோ, சரிபார்க்கத்தக்க செய்தியோ கொண்டுவரும் பயணி பிந்திவிட்டால், அதே நிறுவனத்தின் அடுத்த விமானத்தில் கூடுதல் கட்டணமின்றி இடம் தர வேண்டும். கைப்பையோடு மட்டும் வந்து, ஏறுவாயில் மூட நேரமும் இருந்தால், அவரை உள்ளே விடும் அதிகாரம் அந்த வேளைப் பொறுப்பாளருக்கு எழுத்தில் வழங்கப்பட வேண்டும். அதைப் பயன்படுத்தியதற்காக அவர் தண்டிக்கப்படக் கூடாது. அன்றைய பயணத்திற்கு மருத்துவ அவசரக் கட்டணம் என்று ஓர் உச்சவரம்பு வேண்டும். பொய்க் கடிதம் காட்டுபவர்கள் இருக்கமாட்டார்களா என்றால், இருப்பார்கள். எங்களிடமும் பொய்ச் சான்றிதழ் கேட்டு வருபவர்கள் உண்டு. அவர்களுக்காக உண்மையான நோயாளிகளுக்குச் சான்றிதழ் தருவதை நாங்கள் நிறுத்திவிடவில்லை.

எங்கள் கவுண்டர்

இவ்வளவும் எழுதியபின் எங்களையும் நாங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தப் பெரியவர் இறந்து சில வாரங்கள் கழித்து, ஒரு நண்பகலில், நம் புறநோயாளர் பிரிவின் வாசலில் ஓர் அம்மா கணவரோடு உட்கார்ந்திருந்தார். காலைப் பேருந்து வரவில்லை. அடுத்த பேருந்தில் வந்து சேர்வதற்குள் டோக்கன் கொடுக்கும் நேரம் முடிந்திருந்தது. "நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டார்கள். கணவருக்கு இரண்டு கால்களும் வீங்கியிருந்தன. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றார். இதயம் செயலிழக்கத் தொடங்கியிருந்தவரை நாங்கள் நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறோம். தற்செயலாக அவ்வழியே வந்த செவிலியர் பார்த்ததால் அவர் அன்றே சேர்க்கப்பட்டார்.

டோக்கன் கவுண்டரில் இருந்த தம்பியிடம் கேட்டோம். "நேரம் முடிஞ்சிருச்சு சார், கம்ப்யூட்டர் எடுக்காது" என்றார். பெங்களூரில் அந்த மகன் கேட்ட அதே பதில். எங்கள் கவுண்டரும் ஒரு கவுண்டர்தான் என்பது அன்றுதான் எங்களுக்கு உறைத்தது.

அதன்பின் எங்கள் துறையில் மூன்று மாற்றங்களைச் செய்தோம். நேரம் கடந்து வருபவரை ஒரு செவிலியர் பார்த்து, நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் ஆக்சிஜன் அளவும் குறித்த பிறகே, மறுநாள் வரலாமா என்று முடிவுசெய்யப்படும். வெளியூரிலிருந்து வரும் நெருங்கிய உறவினர் எந்நேரம் வந்தாலும், பார்வை நேரம் முடிந்திருந்தாலும், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து நிமிடமேனும் அனுமதிக்கப்படுவார். பயணத்திற்கான அவசரக் கடிதம் இரவிலும் வழங்கப்படும். இவற்றில் எங்காவது தவறினோம் என்றால் எங்களிடம் சொல்லுங்கள். பிறரிடம் கண்ணோட்டம் கேட்பவர்கள் அதைத் தம் வாசலில் காட்ட வேண்டும்.

குடும்பத்தினர் கவனத்திற்கு

விதிகள் மாறும்வரை, இருக்கின்ற விதிகளுக்குள் உங்களால் செய்யக்கூடியவை சில உண்டு.

நோயாளியின் நிலை மோசமாகிறது என்று நாங்கள் சொன்னவுடன், தொலைவிலுள்ள உறவினர் புறப்படும் முன்பே பணி மருத்துவரிடம் கடிதம் கேளுங்கள். நோயாளியின் பெயர், பயணியோடு உள்ள உறவு, சேர்க்கப்பட்ட நாள், உடனே வர வேண்டிய தேவை, திரும்ப அழைத்துச் சரிபார்க்க ஒரு தொலைபேசி எண் ஆகியவை அதில் இருக்க வேண்டும். கைப்பேசியில் அதன் படத்தை அனுப்பிவிடுங்கள்.

சீட்டு எடுத்த கையோடு கைப்பேசியிலேயே செக்-இன் செய்யச் சொல்லுங்கள். புறப்பட்டவருக்குக் கை நடுங்கும். வீட்டில் இருக்கும் மற்றொருவர் அதைச் செய்யட்டும். பெட்டி வேண்டாம், தோள்பை போதும். இந்த இரண்டும் இருந்தால், கவுண்டர் மூடிய பின்னும் ஏறுவாயில் மூடும்வரை வாய்ப்பு உண்டு.

நேரத்திற்குப் போக முடியாது என்று வழியிலேயே தெரிந்தால், விமான நிலையம் போய்ச் சேரும்வரை காத்திராமல் உடனே நிறுவனத்தை அழைத்து அடுத்த விமானத்திற்கு மாற்றக் கேளுங்கள். கவுண்டர் மூடிய பிறகு அந்தச் சீட்டு "வராதவர்" கணக்கில் போய்விடும். அதன்பின் மாற்றுவது மிகக் கடினம்.

தவறவிட்டாலும் வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் எழுத்து மூலம் திரும்பக் கேளுங்கள். நிறுவனம் செவிசாய்க்காவிட்டால் நடுவண் அரசின் ஏர்சேவா தளத்திலும், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இலும் முறையிடலாம்.

சேரும் இடத்தையும் எண்ணிப் பாருங்கள். கோவில்பட்டி பகுதிக்கு மதுரை ஒன்றே வழியன்று. தூத்துக்குடி வாகைகுளம் விமான நிலையத்தின் ஓடுபாதை 3,115 மீட்டராக நீட்டிக்கப்பட்டு, புதிய முனையமும் 2025 ஜூலை 26 அன்று திறக்கப்பட்டுள்ளது. சில வேளைகளில் இரவு இரயிலே எல்லாவற்றையும்விட விரைவாகக் கொண்டுவந்து சேர்க்கும்.

கடைசியாக ஒன்று: வந்து சேரும்வரை காத்திராதீர்கள். நோயாளிக்கு நினைவிருக்கும்போதே தொலைபேசியை அவர் காதருகே வைக்கச் சொல்லுங்கள். செவிலியரிடம் தயங்காமல் கேளுங்கள். அன்று இரவு எங்களுக்கு அது தோன்றவில்லை. மூன்று முறை "வந்துக்கிட்டு இருக்கார்" என்று சொன்னதற்குப் பதிலாக, ஒருமுறை அந்தக் காரில் வந்துகொண்டிருந்தவரை அழைத்துத் தந்தையிடம் பேசவைத்திருக்கலாம். சாலையில் வந்தவர், "சாப்பிட்டேன்ப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். இப்போது எங்கள் பிரிவில் குழாய் செருகும் முன் சரிபார்க்கும் பட்டியலில், மருந்து, கருவி, ஆக்சிஜன் ஆகியவற்றோடு இன்னொரு வரியும் சேர்ந்திருக்கிறது: "குடும்பத்தாரோடு பேசினாரா?"